புரோலாக்டின் 118, காரணம் கைப்பையில் இருந்தது

மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை, கர்ப்பமும் இல்லை. உசிலம்பட்டியில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 118. இது ஏறினால் தீட்டு நின்றுபோகும். பெண்களுக்கு 25-க்குள் இருக்க வேண்டியது. "பிட்யூட்டரியில கட்டியா இருக்கலாம், எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க" என்று, மூளைக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரப்பியைப் படம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஃபோனிலேயே முன்பணம் 500 கட்டி நேரம் வாங்கி, அம்மாவோடு முதல் பஸ்ஸில் வந்து மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி ஸ்கேன் சென்டருக்குப் போனால், கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கம்மா? அது இல்லாம கான்ட்ராஸ்ட் ஊசி போட மாட்டோம்" என்றார். ஸ்கேனில் தெளிவாகத் தெரியப் போடும் ஊசிக்கு முன்னால், சிறுநீரகத்தைப் பார்க்கும் ரத்தச் சோதனையாம் அது. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே! திரும்பிப் போக மனசில்லாமல், வந்தது வந்தோம் என்று ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்த்தோம்.

அவர் முதலில் கேட்டதே, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" எதுவும் இல்லை என்றேன். "தெனம் கேஸ் மாத்திரை போடுறியேடி" என்றார் அம்மா. கைப்பையைக் கொட்டினால் இரண்டு மாத்திரை மிச்சமிருந்த, கசங்கிய அட்டை. அமிலத்தைக் குறைக்கும் பான்டொப்ரசோலோடு, வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்ந்தது. நாலு மாதமாக மெடிக்கலில் நானே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதாலமஸிலிருந்து டோபமின் என்ற வேதிப்பொருள் சின்ன ரத்தக்குழாய் வழியாகப் பிட்யூட்டரிக்கு இறங்கி, புரோலாக்டின் செல்களின் மேல் உத்தரவை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பியில் உட்காருமாம். அது உட்கார்ந்திருக்கும் வரை செல்லுக்குள் கால்சியம் நுழைவது குறைந்து சுரப்பு அடங்கியிருக்கும். அதாவது புரோலாக்டினுக்கு 'போதும்' என்ற உத்தரவு ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். டோம்பெரிடோன் அந்த ஏற்பியை மறித்துக்கொள்ள, உத்தரவு நின்றுபோயிருக்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதால் இந்த மருந்து மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, ஆனால் பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் அங்கே நன்றாகவே எட்டிவிடும்.

தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும் என்று அதையும் பார்த்தார், சரியாக இருந்தது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து, எழுந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு, பதற்றமில்லாமல் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுத்தேன். 16! ஸ்கேன் வேண்டாம் என்றுவிட்டார்.

டாக்டரிடம் போகும்போது அட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போங்கள், கேஸ் மாத்திரையும் மாத்திரைதான். சில மனநல மாத்திரைகளும் இதே ஏற்பியை மறிக்கும், ஆனால் அவற்றை எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த மாதமே தீட்டு வந்தது. முன்பணம் 500-க்கு இரண்டு தடவை நடந்துவிட்டேன், இன்னும் தரவில்லை.