ஃபைட்டிங் கேம் போட்டிக்குத் தயாராகிறீர்களா? காம்போவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

ஃபைட்டிங் கேமில் போட்டிக்கு இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் காம்போ கத்துக்கணும்?" என்றுதான். காம்போ என்றால் இடைவெளி விடாமல் தொடர்ந்து விழும் அடிகளின் கோவை. மூன்று நான்கு அடி கொண்ட ஏதாவது ஒரு எளிய காம்போ போதும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது கையில் வர வேண்டும், அவ்வளவுதான். நடு ரேங்கைத் தாண்ட முடியாமல் நிற்பவர்களின் ரீப்ளேக்களைப் பார்த்தால் ஒன்று புரியும். அவர்களுக்குக் காம்போ நன்றாகவே தெரியும். இப்போது யாருடைய முறை என்பதுதான் தெரியாது.

இந்த முறைக் கணக்கு ஃப்ரேமில் ஓடுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 போன்ற ஆட்டங்களில் ஒரு விநாடிக்கு 60 ஃப்ரேம். ஒவ்வொரு அடிக்கும் கிளம்ப எடுக்கும் நேரம், படும் நேரம், கை திரும்பி வரும் நேரம் என மூன்று பகுதி உண்டு. எதிராளியின் அடியை நீங்கள் பிளாக் செய்ததும், யார் முதலில் அசைய முடியும் என்பதைக் கை திரும்பும் நேரம்தான் முடிவு செய்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக வேகமான சாதாரண அடிகள் 4 ஃப்ரேமில் வரும். அதனால் பிளாக் செய்யப்பட்டால் மைனஸ் 4 (அதாவது அடித்தவர் உங்களைவிட 4 ஃப்ரேம் தாமதமாகத்தான் அசைய முடியும்) அல்லது அதைவிட மோசமாகிற ஓர் அடியை எட்டும் தூரத்தில் யாராவது போட்டால், நீங்கள் திருப்பி அடிப்பது உறுதியாக விழும். டெக்கனில் வழக்கமான ஜாப், அதாவது சட்டென்று விடும் சிறு குத்து, 10 ஃப்ரேம் என்பதால் அங்கே கணக்கு மைனஸ் 10-இல் தொடங்குகிறது.

இதற்காக முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்களை அடிக்கடி தோற்கடிக்கும் கதாபாத்திரங்களின் ஓரிரு அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ட்ரெய்னிங் மோடில் டம்மியை அதையே செய்யுமாறு பதிவு செய்யுங்கள். பிளாக் செய்து திருப்பி அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ஃப்ரேம் மீட்டர் திரையிலேயே ஓடும், சந்தேகம் வந்தால் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். டெக்கன் 8-இல் ரீப்ளேயின் நடுவில் நீங்களே கட்டுப்பாட்டை எடுத்து, தோற்ற அதே தருணத்தை மறுபடி ஆடிப் பார்க்கலாம். படிப்பதற்கு இவ்வளவு வசதி பழைய தலைமுறை ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்ததில்லை. இருந்தும் பலர் அந்தப் பக்கமே போவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

"எனக்கு ரிஃப்ளெக்ஸ் இல்லை" என்று ஒதுங்குபவர்களுக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றைப் பார்த்து விரலை அசைக்க மனிதருக்குக் கால் விநாடி அளவில், அதாவது 15 ஃப்ரேமுக்குப் பக்கத்தில் ஆகும். 4 ஃப்ரேம் ஜாபைப் பார்த்துத் தடுக்க உலகில் யாராலும் முடியாது. எல்லோரும் ஊகித்துத்தான் ஆடுகிறார்கள். ஆனால் சில விஷயங்களைப் பார்த்தே பதில் சொல்லலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் அடியைத் தாங்கிக்கொண்டே வரும் பலமான தாக்கான டிரைவ் இம்பாக்ட் கிளம்ப 26 ஃப்ரேம் ஆகும். ஒரு ஜம்ப் சுமார் 45 ஃப்ரேம். அவை வரலாம் என்று மனம் காத்திருந்தால் பிடித்துவிடலாம், மனம் காம்போவில் இருந்தால் முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபைட்டிங் கேம்களின் பெரிய போட்டியான இவோவில், 2004-இல் டைகோ உமேஹாரா, ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ போட்ட சூப்பரை (பல அடிகள் கொண்ட பெரிய தாக்கு) 15 அடியும் பாரி செய்து, அதாவது ஒவ்வோர் அடியையும் சரியான கணத்தில் சேதமில்லாமல் தட்டிவிட்டு, ஜெயித்த காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதை மின்னல் வேகக் கைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். உண்மையில் முதல் அடியைக் கண்ணால் பார்த்த பிறகு பாரி செய்யக் கிளம்பியிருந்தால் நேரம் போதாது. டைகோ ஆடிய கென்னுக்கு உயிர் நூலளவுதான் இருந்தது, பிளாக் செய்தாலும் ஏறும் சிறு சேதத்திலேயே சாவு. அந்த நிலையில் எதிராளி சூப்பரைத்தான் போடுவார் என்று டைகோ காத்திருந்தார். மீதி 14 அடியின் தாளம் ஏற்கெனவே பழகியது.

ஆகவே ஆரம்பத்தில் நான் சொல்லும் பாடத்திட்டம் சின்னது. ஜம்ப் செய்து வருபவரை அடித்து இறக்குவது, த்ரோவை (பிளாக்கை மீறிப் பிடித்துத் தூக்கி எறிவது) உடைப்பது, உறுதியான பனிஷ் (பிளாக் செய்ததும் திருப்பி அடிப்பது) ஒன்றிரண்டு, அந்த எளிய காம்போ. ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த வாரம் ரேங்க் மேட்சில் வெற்றி தோல்வியைப் பார்க்காமல், "எத்தனை ஜம்ப் வந்தது, எத்தனையை இறக்கினேன்" என்று மட்டும் எண்ணுங்கள். புள்ளிகள் கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும். கூடவே, பிளாக் செய்து முடித்த கையோடு ஒரு பட்டனை அமுக்கும் பழக்கத்தைக் கவனியுங்கள். எதிராளியின் முறை முடியாதபோது அமுக்கினால் அடி வாங்குவீர்கள். எப்போதும் சும்மா பிளாக் செய்துகொண்டே இருந்தால் த்ரோ வாங்குவீர்கள். அடி, த்ரோ, பிளாக் என்ற இந்த மூன்றின் சுற்றில்தான் ஆட்டம் மொத்தமும் இருக்கிறது.

கதாபாத்திரத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். பலவீனமானது என்று யாராவது சொன்னாலும் பரவாயில்லை, எது பலம், எது பலவீனம் என்ற பட்டியல் எல்லாம் உச்சத்தில் ஆடுபவர்களுக்கு. கன்ட்ரோலர் பேடா, ஸ்டிக்கா, லீவர்லெஸ்ஸா (ஸ்டிக் இல்லாமல் பட்டன்கள் மட்டும் கொண்டது) என்ற சண்டைக்கும் அதே பதில். 2014 இவோவில் பிரான்ஸின் லஃபி, முதல் பிளேஸ்டேஷனின் பேடை வைத்து அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்றார். கைக்குப் பழகியதை வைத்து ஆடுங்கள். ஒன்றுக்கு மட்டும் செலவு செய்யலாம்: வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுவது. ஆன்லைன் தாமதத்தை மறைக்கும் ரோல்பேக் நுட்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டு விட்டு வரும் வைஃபையைச் சரிக்கட்ட முடியாது.

சரி, டோர்னமென்ட். தயாரான பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. அடிப்படை நான்கும் ஓரளவு வந்ததுமே பெயர் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் டபுள் எலிமினேஷன் முறைதான்: முதல் தோல்வியில் லூசர்ஸ் பிராக்கெட்டுக்கு இறங்குவீர்கள், இரண்டாவதில் வெளியே. ஆக, எப்படியும் இரண்டு செட் ஆடக் கிடைக்கும். ஆரம்பச் சுற்றுகளில் மூன்றில் இரண்டு கேம் ஜெயித்தால் செட் முடிந்துவிடும். ஆன்லைனில் நண்பரோடு பத்து வெற்றி வரை ஆடிப் பழகியவர்களுக்கு இது திடீரென்று முடிந்துபோனது போல் இருக்கும். எதிராளியைப் படிக்க அவகாசமே இல்லை. அதனால் முதல் கேமிலேயே மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்: விழுந்து எழும்போது என்ன செய்கிறார், தன் அடி பிளாக் ஆனதும் அமுக்குகிறாரா, எந்தத் தூரத்திலிருந்து குதிக்கிறார். தோற்றவர் கதாபாத்திரத்தை மாற்றலாம், ஜெயித்தவர் மாற்றக் கூடாது என்பது பரவலான விதி. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் நடக்கும் போட்டியில் கவனிக்கச் சில சில்லறை விஷயங்கள் உண்டு, ஆனால் அவை ஆளையே கவிழ்க்கும். உங்கள் கன்ட்ரோலரை நீங்களே கொண்டுபோக வேண்டும், கூடவே கேபிளும். ஆடும் முன் பட்டன் அமைப்பைச் சரிபார்க்க நேரம் கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்படாதீர்கள். ஆட்டத்தின் நடுவில் பாஸ் (pause) ஆகி ஆட்டம் நின்றுவிட்டால் அந்த ரவுண்டே போய்விடக்கூடும். உங்களுடையதாக இல்லாவிட்டாலும், அருகில் யாரோ வைத்த வயர்லெஸ் பேட் கன்சோலோடு இணைந்திருந்தால் அதுவும் பாஸ் செய்யும். எனவே உட்கார்ந்ததும் இணைப்புகளைப் பாருங்கள், முடித்து எழும்போது உங்களுடையதைத் துண்டித்துவிட்டுப் போங்கள். பெயரைக் கூப்பிடும்போது இடத்தில் இல்லாவிட்டால் ஆடாமலேயே வெளியேற்றுவார்கள்.

கை நடுங்கும். அது யாருக்கும் வரும். நடுங்கும் கையில் வருவது யோசிக்காமல் வரும் காம்போ மட்டும்தான். முதலில் எளியதைப் பிடிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

2019-இல் ஒரே ஆண்டில் இவோ ஜப்பானையும் இவோவையும் டெக்கன் 7-இல் வென்ற பாகிஸ்தானின் அர்சலான் ஆஷ், தன் ஊரில் இன்னும் பல பலமான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார். தினமும் ஆடக் கிடைத்த ஆட்கள்தான் அவரை அங்கே கொண்டுவந்தார்கள். எனவே வெளியேறியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். உங்களைத் தோற்கடித்தவரிடம் போய், "கேஷுவல் ரெண்டு கேம் ஆடலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஆடி முடித்ததும், "நான் எப்போ அமுக்குவேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிடுங்கள்.