மெலித்தாவில் மூட்டிய நெருப்பு

மால்டாவில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் அம்மா வேதாகமத்தைத்தான் எடுத்தார். "அப்போஸ்தலர் 28-ல மெலித்தான்னு வருதே, அந்தத் தீவுதானே?" அதேதான். இயேசுவைப் பிரசங்கித்த பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோன கப்பல் உடைந்து, 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரையேறிய இடம்.

நான் வந்திறங்கியது ஜனவரியில். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மத்தியதரைக் கடல் நாடுதானே, பாளையங்கோட்டை மாதிரி வெயில் அடிக்கும் என்று நம்பி ஒரே ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தேன். இங்கே பழைய வீடெல்லாம் சுண்ணாம்புக்கல். மழைக்காலத்தில் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; தெருவைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம். துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது. ஹீட்டர் உண்டு என்று சொல்லித்தான் அறையை வாடகைக்கு விட்டார்கள். அது எரியவே இல்லை. கேட்டால், அடுத்த வாரம் என்பார்கள்.

கீழ்வீட்டில் தனியாக ஒரு பாட்டி. இரண்டு ராத்திரி என் இருமலைக் கேட்டிருப்பார் போல. மூன்றாம் நாள் வேலை முடிந்து படியேறும்போது கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்தார். சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் ஒன்றைக் காட்டி, மேலே கொண்டுபோ என்று சைகை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும் என்பதை மூக்கைப் பொத்தி, கண்ணைச் செருகி நடித்துக் காட்டினார். அப்புறம் தடிமனான ரொட்டித் துண்டில் தக்காளியைத் தேய்த்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, மேலே சூரை மீனை உதிர்த்து நீட்டினார். "எய்யா, குல்!" வா, சாப்பிடு.

அன்று இரவு அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல." மழைக்காகவும் குளிருக்காகவும் நெருப்பு மூட்டினார்கள் என்று அடுத்த வரி. ஊரில் இந்தப் பகுதியை எடுத்துப் பிரசங்கித்தால் எல்லாரும் நேரே பவுலின் கையைக் கவ்விய விரியன் பாம்புக்குப் போய்விடுவார்கள். நெருப்பை மூட்டியவர்களைப் பற்றி நான் கேட்ட பிரசங்கம் ஒன்றுகூட இல்லை. இன்னொரு வேடிக்கை, கரையில் ஒதுங்கியவர்கள் பவுலின் கூட்டத்தார். வசனமோ தீவாரை அந்நியர் என்கிறது! ஆதியாகமத்தில், மம்ரே என்ற இடத்தில் ஆபிரகாம் வழியில் வந்த மூன்று பேரைக் கண்டு ஓடிப்போய் உபசரித்தான். அவன் தேவனை அறிந்தவன். இந்தத் தீவாரோ பவுலின் தேவனைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. நனைந்து நடுங்குகிறவர்கள் கைதிகளா, காவலர்களா என்றும் பார்க்கவில்லை. தேவ கிருபை இவர்கள் கையால்தான் வந்தது என்றே எனக்குப் படுகிறது.

உபசரிப்பதைவிட உபசரிக்கப்படுவது கஷ்டம். எங்கள் வீட்டில் வந்தவர்களைச் சாப்பிட வைத்தே பழக்கம். வாங்கிச் சாப்பிடக் கூச்சம். ரொட்டியை வாங்கும்போது எனக்குக் காது சுட்டது. ஆனால் பவுலைப் பாருங்கள்: நெருப்பருகே சும்மா உட்காராமல், தானே விறகை வாரிப் போடுகிறார். பாம்பு வந்ததே அதிலிருந்துதான்.

சரி, நமக்கும் ஒரு விறகு வேண்டுமே. கேஸ் லாரி தெருவுக்கு வரும் நாளில் பாட்டியின் சிலிண்டரை இப்போது நான்தான் தூக்கிக்கொண்டு வருகிறேன். அவர் "கிராட்ஸி" என்பார். நன்றி என்று அர்த்தம். கிருபைக்கு மால்டிய மொழியில் "கிராட்ஸ்யா". பிப்ரவரி 10, பவுலின் கப்பல் உடைந்ததன் திருவிழா, அரசு விடுமுறை. வலெட்டாவில் மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகளைக் கொட்டுவார்களாம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். ஸ்வெட்டர் போதாது என்று, இறந்துபோன கணவரின் கோட்டை இன்று காலை என் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கை மட்டும் கொஞ்சம் நீளம்.