கல் ஜன்னலில் ஒரு வௌவால்

தைவான் தலைநகர் தைபேயை ஒட்டிய பான்சியாவில் லின் குடும்பத்து மாளிகைத் தோட்டத்தில் அரை நாள் இருந்தேன். இன்னும் மனசு அங்கேயே நிற்கிறது.

சுவர்களில் ஜன்னல்களை வெறும் சதுரமாக விட மனமில்லை அவர்களுக்கு. ஒன்று பட்டாம்பூச்சி, ஒன்று பீச் பழம், இன்னொன்று சிறகு விரித்த வௌவால். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே ஒலி: ஃபூ. பீச் என்றால் நீண்ட ஆயுள். அந்த வௌவாலின் சிறகு விளிம்பில் விரலை வைத்தேன். மூலையில்கூட அவசரம் தெரியவில்லை. மதிய வெயில் அதன் வழியே விழுந்து, தரையிலும் ஒரு வௌவாலை வரைந்திருந்தது!

குளத்துக்குள் ஒரு நாடக மேடை உண்டு. பாட்டு தண்ணீரில் பட்டு எதிர்க்கரைக்குத் தெளிவாகக் கேட்குமாம். அரிசி வணிகத்தில் எழுந்த குடும்பம் இது. வயல்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு மாடம் கட்டியிருக்கிறார்கள். இப்போது வயல் இல்லை, சுற்றிலும் அடுக்குமாடிகள்தான்.

1949க்குப் பிறகு சீனாவிலிருந்து வந்த அகதிகள் இங்கே குடியிருந்தார்கள். தோட்டம் ரொம்பவே சிதைந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தலைக்கு மேல் கூரை வேண்டுமே. 1977இல் குடும்பம் தோட்டத்தை அரசிடம் கொடுத்தது. 1982 முதல் 1986 வரை சீரமைத்தார்கள்.

தைபே போனால் மெட்ரோவில் ஃபூஜோங் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். வெயில் இருக்கும்போது போங்கள்.