ஜாக்கி வைத்துத் தூக்கிய ஊர்

முதல் நாள் காலை தோசை ஊற்றும்போதே தெரிந்துவிட்டது. எண்ணெய் முழுக்கக் கல்லின் ஒரே பக்கமாக ஓடுகிறது, மாவும் அதன் பின்னாலேயே போகிறது. "என்னங்க, வண்டி சாஞ்சிருக்கு" என்றேன். "ராத்திரி பார்த்தப்ப சரியாத்தானே இருந்துச்சு" என்று ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வலது சக்கரங்களுக்கு அடியில் கொடுத்திருந்த பிளாஸ்டிக் கட்டைகள் ராத்திரியோடு ராத்திரியாக மணலுக்குள் இறங்கியிருந்தன. தோசை கோணலாக வந்தால் தின்றுவிடலாம், ஆனால் டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் எங்கள் வீட்டு டிரெய்லரில் இருப்பது கேஸில் ஓடும் பழைய மாதிரி ஃபிரிட்ஜ், வண்டி மட்டமாக நிற்காவிட்டால் அது ஒழுங்காகக் குளிராது. உள்ளே நான்கு நாளைக்கான மாவும் தயிரும் இருந்தன.

டல்லஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆர்வி (அதாவது வீட்டு வண்டி) கிளப்போடு டெக்சஸின் தீவு ஊரான கால்வெஸ்டனுக்குப் போன கதைதான் இது. மொத்தம் பதினான்கு வண்டிகள், பெரும்பாலும் ரிட்டையர் ஆனவர்கள். பஸ் அளவுக்கு மோட்டார்ஹோம் வைத்து, அதன் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்து வருகிறவர்கள் நடுவே, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 26 அடி டிரெய்லரோடு நாங்கள். முன்னால் போய் வழிகாட்டுகிறவருக்கு 'வேகன் மாஸ்டர்' என்று பெயர், கடைசியாக வந்து யாராவது பஞ்சராகி நின்றால் கூடவே நிற்கிறவர் 'டெயில் கன்னர்'. புதுசு என்பதால் எங்களை டெயில் கன்னருக்கு நேர் முன்னால் போட்டிருந்தார்கள், அதாவது அவர் கண் பார்வையிலேயே. வழி தவற வாய்ப்பே இல்லை. ஐ-45 டல்லஸில் தொடங்கிக் கால்வெஸ்டன் தீவில் முடிகிற சாலை, ஹூஸ்டன் டிராஃபிக்கை மட்டும் சகித்துக்கொண்டால் போதும்.

அன்று காலை டெயில் கன்னர்தான் உதவிக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் நிலம் அளக்கும் வேலையில் இருந்தவராம். டிரக்கை மறுபடி மாட்டச் சொல்லி, மணல் மேல் முதலில் அகலமான பிளைவுட் பலகை, அதன் மேல் கட்டை, அதன் மேல் சக்கரம் என்று ஏற்றிக் கொடுத்தார். கையைத் தட்டிக்கொண்டே, "கவலைப்படாதீர்கள், இந்த ஊரையே இப்படித்தான் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள்" என்றார். ஏதோ டெக்சஸ் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். நகைச்சுவை இல்லை.

1900 செப்டம்பர் 8-ஆம் தேதி ஒரு புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. அப்போது ஊரின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடி கூட இல்லை, வந்த வெள்ளமோ பதினைந்து அடிக்கு மேல். குறைந்தது ஆறாயிரம் பேர் செத்தார்கள், எட்டாயிரம் என்றும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இயற்கைப் பேரிடர் ஒன்றில் இத்தனை பேர் செத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மிஞ்சியவர்கள் ஊரைக் காலி செய்யவில்லை. 1902-ல் கடல்சுவர் கட்டத் தொடங்கி, 1904-க்குள் மூன்று மைலுக்கு மேல் 17 அடி உயரத்தில் முதல் பகுதியை முடித்துவிட்டார்கள். சுவர் மட்டும் போதாது என்று அதற்குப் பின்னால் ஊரின் தரையையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்து மேலே ஏற்றி, ஊருக்கு நடுவே கால்வாய் வெட்டி, தூர்வாரும் கப்பல்களை உள்ளே கொண்டு வந்து, மணலும் தண்ணீரும் கலந்த சேற்றைக் குழாய் வழியாக வீடுகளுக்கு அடியில் பாய்ச்சினார்கள். தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். 1911 வரை இந்த வேலை நடந்தது. 3,000 டன் எடையுள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தைக் கூட ஐந்தடி தூக்கியிருக்கிறார்கள். மணல் நிரப்புவது அரசுச் செலவு, ஆனால் வீட்டைத் தூக்குவது வீட்டுக்காரர் செலவு. வேலை நடந்த காலத்தில் தெருவில் இறங்க முடியாமல், உயரத்தில் போட்ட பலகைப் பாதைகளில்தான் ஜனங்கள் கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்தார்களாம். நாலு சக்கரத்தை மட்டப்படுத்த எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இதைக் கேட்ட பிறகு நான் ஊர் பார்க்கப் போனேனா, தரை பார்க்கப் போனேனா என்று தெரியவில்லை. எல்லோரும் கட்டடங்களின் மேல் மாடத்தைப் படம் எடுக்கிறார்கள், நான் குனிந்து வாசற்படி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆஷ்டன் வில்லா என்று 1859-ல் கட்டிய செங்கல் மாளிகை ஒன்று இருக்கிறது. அதன் இரும்பு வேலி அநியாயத்துக்குக் குட்டையாக இருக்கும், ஏனென்றால் வேலியின் கீழ்ப்பகுதி மணலுக்குள் போய்விட்டது. வீட்டைத் தூக்கவில்லை, சுற்றி நிரப்பிவிட்டார்கள், நிலவறையையும் சேர்த்து. இவருக்கு அலுத்துவிட்டது. "வேலியப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். ஆமாம் என்றேன்.

ஸ்ட்ராண்ட் தெருவில் பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. பருத்தி ஏற்றுமதியில் பணம் புரண்ட காலத்து இரும்புத் தூண்கள், இப்போது உள்ளே மிட்டாய்க் கடையும் டி-ஷர்ட் கடையும். கடைகளை வேகமாகத் தாண்டிவிடலாம், ஆனால் 22-வது தெரு முனையில் உள்ள பெரிய சுவரோவியத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் டெக்சஸில் அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணையை வெளியிட்டது இந்த ஊரில்தான். லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே அமலுக்கு வந்துவிட்டது. அப்புறம் இரண்டரை வருஷம் டெக்சஸில் எதுவும் நடக்காத மாதிரி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூன் 19-க்கு ஜூன்டீன்த் என்று எங்கள் ஆபீஸில் லீவு விடும்போதெல்லாம் லாங் வீக்கெண்டா என்று மட்டும் பார்த்தவள் நான்.

துறைமுகத்தில் எலிசா என்ற பாய்மரக் கப்பல். 1877-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் கட்டியது, கடைசியில் கிரீஸில் உடைப்பதற்காகக் கிடந்ததைக் கண்டுபிடித்து மீட்டிருக்கிறார்கள். தன் காலத்தில் கால்வெஸ்டனுக்குச் சரக்கோடு வந்து போன கப்பல் என்பதால் கொண்டு வந்து புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கிளப் ஆண்கள் எல்லோரும் அதன் கயிறுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நானும் இன்னும் மூன்று பெண்களும் பக்கத்தில் 'பியர் 19' என்ற படகுத்துறைக்குப் போய், படகிலிருந்து இறங்கிய தலையோடு கூடிய இறால் ஐந்து பவுண்டு வாங்கிக்கொண்டு வந்தோம். யாருடைய பொழுது உருப்படியாகப் போனது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாயங்காலம் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவது. அதற்கு முன்னால் கிளப் கூட்டம், அடுத்த டிரிப்புக்கு எங்கே போவது என்று. இவர்கள் கூட்டம் நடத்தும் முறை எனக்கு எப்போதும் சிரிப்பு. முப்பது பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் தீர்மானம் கொண்டு வர, இன்னொருவர் வழிமொழிய, ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, கை தூக்கி, என்னமோ பார்லிமென்ட் மாதிரி. இந்த முறையை 1876-ல் புத்தகமாகவே எழுதி வைத்தவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர். கடல்சுவரைத் திட்டமிட்ட மூன்று பொறியாளர்களில் அவரும் ஒருவர் என்று டெயில் கன்னர் அங்கேயே எழுந்து அறிவித்தார். அதைக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டு வந்தார், வழிமொழியப்பட்டது, நிறைவேறியது. என் இறால் தொக்கும் ஏகமனதாக நிறைவேறியது, காரம் என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் எதிரே உள்ள பொலிவார் தீபகற்பத்துக்குப் போகும் ஃபெர்ரி. இலவசம், காரோடு ஏறிக்கொள்ளலாம், ஏறக்குறைய இருபது நிமிஷப் பயணம். நிஜமாகச் சொன்னால் காசு கொடுத்துப் பார்த்த எதையும் விட இதுதான் எனக்குப் பிடித்தது. பழுப்புக் கூழைக்கடாக்கள் தண்ணீருக்கு மேல் ஒரே வரிசையில் பறக்கும், படகுக்கு முன்னால் டால்பின் முதுகுகள் தெரியும். கடற்பறவைகளுக்கு ரொட்டி போட வேண்டுமானால் படகின் பின்பக்கம் போய்த்தான் போட வேண்டும், காரணத்தைப் பக்கத்தில் நின்ற ஒருவரின் தொப்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அக்கரையில் 1872-ல் ஏற்றிய இரும்புக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1900 புயலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதன் சுழல் படிகளில் நெருக்கி உட்கார்ந்து பிழைத்தார்களாம். உள்ளே விடுவதில்லை, ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

கடல் நீலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் போக வேண்டாம். மிசிசிப்பி கொண்டு வந்து கொட்டும் வண்டல் இந்தப் பக்கமாக அடித்து வருவதால் பால் குறைவாக விட்ட டீ நிறம்தான். சாயங்காலம் கடல்சுவர் மேல் நடக்க அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் பதினேழு அடி கீழே கடற்கரை, மறு பக்கம் ரோடும் கடைகளும் சுவரின் அதே மட்டத்தில். இதில் விசித்திரமாக ஏதாவது தெரிகிறதா என்று இவரைக் கேட்டேன். "தெரியுது, தெரியுது, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். தண்ணீர்க் குழாயைக் கழற்றி, கழிவு டேங்கைக் காலி செய்து, கரண்ட் கேபிளைச் சுருட்டி, கட்டையிலிருந்து வண்டியை இறக்கினால் ஒரு பக்கப் பிளைவுட் பலகையைக் காணவில்லை. மணலுக்குள் முழுசாகப் போயிருந்தது. டெயில் கன்னர் தன் வண்டியிலிருந்து மண்வெட்டி எடுத்து வந்து தோண்டிக் கொடுத்தார், எங்களுக்காகப் பன்னிரண்டு வண்டிகள் கேட் பக்கம் வரிசையில் நின்றன.