தடவிக் கொடுக்காத கைகள்

கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய விலங்குக் காப்பகத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். வருவதில் பெரும்பாலும் தெருநாய்கள், அடிபட்ட மாடுகள், ஊட்டியில் ஓடி ஓய்ந்த குதிரைகள். எப்போதாவது வனத்துறைக்காரர்கள் காட்டு உயிர் ஒன்றைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போயிருந்தேன். அங்கே சான்காப் என்ற கடற்பறவை மறுவாழ்வு மையத்தைப் பார்க்க ஒரு நாள் கிடைத்தது. 1968-இல் தொடங்கிய இடம். உள்ளே நுழைந்ததும் மத்தி மீன் வாடை. நம் ஊர் மீன் மார்க்கெட்டில் நிற்பது போலத்தான் இருந்தது.

ஆப்பிரிக்கப் பென்குயின் உருவத்தில் சிறியதுதான். ஆனால் அலகு கத்தி. ஊழியர்களின் முன்கைகளில் பழைய தழும்புகள் இருந்தன. ரப்பர் உடையும் கையுறையும் போட்ட ஒரு பெண், பறவையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, தலையைப் பிடித்து, மீனைத் தலைப்பக்கமாக வாய்க்குள் தள்ளினார். இரண்டு மீன், அவ்வளவுதான். அடுத்த பறவை. கொஞ்சல் இல்லை, தடவல் இல்லை, பேச்சே இல்லை. எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. இவ்வளவு பாடுபடுகிறவர்கள் ஒரு வார்த்தை அன்பாகச் சொன்னால் என்ன என்று தோன்றியது.

எண்ணெய் பட்ட பறவையைக் கொண்டுவந்த கையோடு கழுவிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. எண்ணெய் இறகுகளின் பின்னலைக் குலைத்து, குளிர்ந்த நீரைத் தோல்வரை விட்டுவிடும். பறவை நடுங்கிக் கரையேறும், பட்டினி கிடக்கும், அலகால் கோதிக் கோதி எண்ணெயையும் விழுங்கும். அந்த நிலையில் கழுவினால் அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். முதலில் சூடு, நீர்ச்சத்து, இரை. உடம்பு தேறிய பிறகுதான் வெந்நீரும் சோப்பும். சோப்பு துளி மிச்சமில்லாமல் அலச வேண்டும். அப்புறம் தொட்டியில் நீந்தவிட்டு, இறகில் நீர் ஒட்டாத நிலை திரும்பும்வரை காத்திருப்பார்கள்.

2000 ஜூனில் டிரெஷர் என்ற சரக்குக் கப்பல் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவே மூழ்கியது. ராபன் தீவு, மண்டேலா சிறையிருந்த அதே தீவுதான். அப்போது எண்ணெயில் நனைந்த சுமார் 19,000 பென்குயின்களைக் காப்பாற்றக் கொண்டுவந்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். எண்ணெய் படாத 19,500 பறவைகளைப் பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, போர்ட் எலிசபெத் பக்கம் கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. கணக்கு பலித்தது. பறவைக்கு வழி தெரியும் என்று நம்பியது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

குஞ்சுகள் இருந்த பகுதியில் கூடுதல் நேரம் நின்றேன். பென்குயின் இறகுதிர்க்கும் காலத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் கடலில் இறங்க முடியாது. தாமதமாகப் பொரித்த குஞ்சு இருந்தால் அதற்கு இரை கொண்டுவர ஆளில்லை. தாய் தகப்பன் உண்மையிலேயே கைவிட்டவற்றைத்தான் எடுத்து வளர்க்கிறார்கள். மத்தியும் நெத்திலியும் குறைந்து, இந்த இனம் முழுவதற்குமே பட்டினி. 2024-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பதியும் பன்னாட்டுச் செம்பட்டியல் இதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவித்துவிட்டது.

அங்கே நின்றபோது எனக்குச் செல்லி ஞாபகம் வந்தாள்.

செல்லி ஒரு கடமான் குட்டி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனியாகக் கிடந்தது என்று எங்கள் காப்பகத்துக்கு வந்தவள். கடமான் தன் குட்டியைப் புதரில் ஒளித்துவிட்டுத்தான் மேயப் போகும். தாய் பக்கத்திலேயே இருந்திருக்கலாம். நான் அதைக் கேட்கவே இல்லை. ஆட்டுப்பாலைப் புட்டியில் ஊட்டினேன், பெயர் வைத்தேன், மடியில் தூங்கவைத்தேன். வளர்ந்ததும் சோலை ஓரத்தில் விட்டோம். நாலாம் நாள் ஊருக்குள் வந்துவிட்டாள். நாய்களைக் கண்டு ஓடத் தெரியவில்லை. எங்கள் காப்பகத்து நாய்களோடு படுத்து வளர்ந்தவள் அல்லவா. அவளை அள்ளிக்கொண்டு வந்த உதவியாளர் அண்ணன் அன்று சாப்பிடவில்லை. நானும்தான்.

ஊர் திரும்பியதும் அவரிடம் பென்குயின் கதையைச் சொன்னேன். சீகூர்ப் பக்கத்து இருளர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காட்டுப் பிள்ளைக்கு நம்ம வாசனை ஆகாது டாக்டரம்மா. எங்க பாட்டியும் சொல்லும்," என்றார். அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அவ்வளவு ஆசையா வச்சிருந்தீங்களே," என்றார்.

போன மார்கழியில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தர் கூடையோடு ஓடிவந்தார். சிறுத்தைக் குட்டி என்று பயந்திருந்தார். பார்த்தால் இரண்டு காட்டுப்பூனைக் குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. வனத்துறைக்குச் சொன்னோம். "எந்தச் செடிகிட்ட இருந்துச்சு அக்கா? அந்த இடத்தைக் காட்டுங்க," என்றேன். கையுறையோடு எடைபார்த்து, காயமில்லை என்று உறுதி செய்து, சாயங்காலம் அதே இடத்தில் கூடையை வைத்தோம். அண்ணனும் வனக்காவலர் ஒருவரும் எதிர்மேட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இரவு பதினொன்று இருக்கும், அண்ணன் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருச்சு டாக்டரம்மா. இன்னொண்ணு இருக்கு. இருங்க, வருது," என்றார். அப்புறம் வெகுநேரம் அவர் பேசவில்லை. நானும் போனைக் காதில் வைத்தபடி இருந்தேன்.