மானிட்டரில் 45 என்றால், எந்த மருந்தின் 45?

நெற்றியில் ஒட்டிய பட்டையிலிருந்து மூளை அலைகளை வாங்கி, 0 முதல் 100 வரை ஒரே எண்ணாகச் சுருக்கித் தருவதுதான் அறுவையின்போது மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பி.ஐ.எஸ். மானிட்டரின் வேலை. விழிப்பில் 90-க்கு மேல், பொது மயக்கத்தில் 40–60. ப்ரோபோஃபால் (நரம்பில் ஏற்றுவது), செவோஃப்ளூரேன் (மூச்சில் இழுப்பது) போன்ற மயக்க மருந்துகளைக் கொடுக்கும்போது இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். அவை நெற்றிப் பக்கம் 8–12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலையையும், அதற்கடியில் மெதுவான பெரிய டெல்டா அலையையும் எழுப்பும். மருந்து கூடக் கூட எண் இறங்கும்.

கெட்டமைன் இதற்கு நேர்மாறு. எண் 45-இல் நிற்கிறது. வலிக்காக கிலோவுக்கு 0.5 மி.கி. கெட்டமைன் போடுகிறோம். சில நிமிடங்களில் எண் 60-ஐத் தாண்டலாம். நோயாளி விழிக்கவில்லை. கெட்டமைன் வேகமான அலைகளைக் கூட்டுகிறது, அதை மென்பொருள் விழிப்பு என்று வாசித்துவிடுகிறது. இதை மறந்து, மயக்க ஆவியின் அளவைக் கூட்ட வேப்பரைசரைத் திருப்பினால் எண் இறங்குமோ இல்லையோ, ரத்த அழுத்தம் இறங்கும். நைட்ரஸ் ஆக்சைடு வேறு வகை: அதைச் சேர்த்தாலும் எண் பெரிதாக அசையாது. தூக்கம் போன்ற நிலையைத் தரும் டெக்ஸ்மெடெடோமிடினில் எண் நன்றாகத் தாழ்ந்திருக்கும், ஆனால் பெயர் சொல்லித் தட்டினால் கண் திறப்பார்.

தசைத் தளர்வு மருந்துதான் எனக்கு அதிகம் உறுத்துவது. நெற்றித் தசையின் மின்னோட்டம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வந்து மூளை அலையோடு கலந்து எண்ணை உயர்த்திக் காட்டும். ரோகுரோனியம் என்ற தளர்வு மருந்தைப் போட்டதும் அந்தக் கலப்பு மறைந்து எண் விழும். மயக்கம் ஆழமாகிவிட்டதாகத் தோன்றும். மயக்க மருந்தே இல்லாமல், விழித்திருந்த தன்னார்வலர்களுக்குத் தளர்வு மருந்து மட்டும் கொடுத்த ஆய்வுகளில்கூட எண் 60-க்குக் கீழே போயிருக்கிறது! எனவே எண்ணோடு, தசை மின்னோட்டத்தைத் திரையில் காட்டும் ஈ.எம்.ஜி. பட்டையையும் பாருங்கள்.

திரையில் அலை சட்டென்று தட்டையாகி, ஒரு வெடிப்பு, மறுபடி தட்டை என்று வந்தால் மருந்து மிஞ்சிவிட்டது. திரையில் காணும் எஸ்.ஆர். (அடங்கல் விகிதம்) என்பது கடந்த 63 விநாடிகளில் அலை அடங்கியிருந்த நேரத்தின் சதவீதம். முதியவர்களுக்குக் குறைந்த அளவிலேயே இது வந்துவிடும். கணக்கிட நேரம் பிடிப்பதால் எண் எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும். அலைதான் முந்திச் சொல்லும்.

முதுகுத்தண்டு அறுவையில் தூண்டு சமிக்ஞைகளை (நரம்புப் பாதையைத் தூண்டி, மறுமுனையில் பதிவாகும் பதிலை) கண்காணிக்கும்போது வேறு சிக்கல். செவோஃப்ளூரேன் கூடினால் சமிக்ஞையின் உயரம் குறையும், வந்து சேரவும் தாமதமாகும். மூளையைத் தூண்டித் தசையில் பதிவு செய்யும் இயக்கச் சமிக்ஞை (எம்.இ.பி.) இன்னும் எளிதில் சாயும். அதனால் ப்ரோபோஃபாலும் வலி மருந்தான ரெமிஃபென்டானிலும் சொட்டாக ஓடும். இன்டியூபேஷனுக்கு (மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதற்கு) பிறகு தளர்வு மருந்து கிடையாது. சமிக்ஞை விழுந்தால் அறுவை மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "இப்போது ஏதாவது போட்டீர்களா?" என்பதுதான். போலஸ் (ஒரே மூச்சில் செலுத்தும் மருந்து) கொடுத்த நேரத்தை அலைப் பதிவிலேயே குறித்து வைத்தால் பதில் கையில் இருக்கும்.