ஒன்றும் ஆகாது, ஐயா

"அங்கே வைத்தால் ஒன்றும் ஆகாதே, தம்பி?" என்று பெரியவர் கேட்டார். "ஒன்றும் ஆகாது, ஐயா" என்றேன். அவர் வண்டியில் பெட்ரோல் ஃபில்டர் போட்டு, அதன் ரப்பர்க் குழாயின் (ஹோஸ்) கிளிப்பை இறுக்கிக்கொண்டே சொன்ன பதில் அது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வண்டி 1958ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார், 948 சிசி. பழைய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டி இறக்குமதி செய்ய அனுமதி உண்டு என்று 2011இல் அரசு அறிவித்தபோது, ரங்கூனில் இதன் வயதுடைய வண்டிகள் எத்தனையோ போய்விட்டன. இவர் மட்டும் கொடுக்க மறுத்தார். தகப்பனார் வாங்கிய வண்டி. அதனால் அதில் கை வைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் இருக்கும். இருந்தது என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

டேங்கின் அடியில் துரு. பாட்டிலில் விற்ற பெட்ரோலை ஊற்றி ஓட்டிய காலத்து அழுக்கும் அதோடு சேர்ந்திருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் மாதம் ஒருமுறை அடைத்துக்கொண்டது. ஃபில்டர் போட வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே போடுவது என்பதில்தான் வந்தது. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும், அழுக்கு சேர்வதைத் தானே பார்க்க வேண்டும் என்றார். அப்படியானால் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான் வைக்க முடியும். இந்த என்ஜினில் கார்புரேட்டரும், சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். அடுப்பின் மேல் பாத்திரம் வைத்ததுபோல, மேனிஃபோல்டுக்கு மேலே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டுக்கு அருகே ரப்பர் ஹோஸை வளைத்துக் கொண்டுபோய், நடுவில் பிளாஸ்டிக் ஃபில்டரைப் படுக்கவைப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். பம்புக்கு முன்னால், சூடு படாத இடத்தில், பெட்ரோல் கீழிருந்து மேலே ஏறும்படி நிறுத்திவைத்திருக்க வேண்டும். பம்பிலிருந்து இரும்புக் குழாயைப் பக்கத் தகட்டை ஒட்டிக் கொண்டுபோய், என்ஜின் ஆடுகிற கடைசி ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் ரப்பர் விட்டிருக்க வேண்டும்.

அதற்கு அரை நாள் பிடிக்கும். நான் செய்ததற்குக் கால் மணி நேரம் போதும்.

பெரியவர் கேட்டார், நான் செய்தேன். என் வயதுக்கு அவரிடம் எதிர்த்துப் பேசுவது முறையல்ல. பல நாள் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் கட்டளையிடவில்லையே. ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். தெரியாதவர் தெரிந்தவனிடம் கேட்ட கேள்வி அது. அந்த இடத்தில் வாயைத் திறப்பது மரியாதைக் குறைவாக எப்படி ஆகும்?

சித்திரை முதல் நாள் பீலிக்கான் முனீஸ்வரர் கோவிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். வண்டிக்குப் பூசை போடுவதும் திட்டம். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாக் கூட்டம். தன்லியின் ஊருக்குப் போகும் ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் வழியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடியிருக்கிறது. பிறகு இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துவிட்டது.

எனக்குப் போன் செய்தார். அவர் பேசத் தொடங்கும் முன்பே பின்னால் பம்பின் சத்தம் கேட்டது. அந்த எஸ்.யூ. கம்பெனி மின்சார பம்ப், குழாயில் பெட்ரோல் நிறைந்திருந்தால் நிதானமாக, விட்டுவிட்டுத் தட்டும். அன்று போனில் மூச்சு விடாமல் டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் ஹோஸிலேயே ஆவியாகிவிட்டது; பம்ப் வெறும் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் அழுத்தமே மிகக் குறைவு, ஒன்றரை பிஎஸ்ஐ அளவுதான். ஆவியை நசுக்கித் தள்ளும் வலு அதற்குக் கிடையாது.

"துண்டை நனைத்து ஹோஸ் மேலும் ஃபில்டர் மேலும் போடுங்கள், ஐயா. மேனிஃபோல்டில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூட்டில் விரிசல் விட்டுவிடும்" என்றேன். தண்ணீருக்கு அன்று பஞ்சமில்லை. தெருவோரம் வாளியோடு நின்ற பர்மியப் பிள்ளைகள் ஓடிவந்து துண்டை நனைத்துக் கொடுத்தார்களாம். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. கோவிலுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் பட்டறைக்கு வந்தது. பானெட்டைத் திறந்து ஹோஸை விரலால் அழுத்தினேன். மேனிஃபோல்டுக்கு அருகே இருந்த வளைவு விறைத்துப்போயிருந்தது. கிளிப்பின் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு. அதன் கீழே ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனேன், பெட்ரோல். இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் அந்தச் சொட்டு கொதிக்கிற இரும்பின் மேல் விழுந்திருக்கும். பின் சீட்டில் அவருடைய பேத்தி உட்கார்ந்து வந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது.

வெடிப்பை அவரிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "நான்தானே அங்கே வைக்கச் சொன்னேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த இடம் சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது, சொல்லவில்லை. இரும்புக் குழாய் வளைத்து, ஃபில்டரைப் பம்புக்கு முன்னால் மாற்றி, கூலி வாங்காமல் அனுப்பினேன். கூலி வாங்காததை ஒரு பரிகாரம்போல எண்ணிக்கொண்டேன். அதுவும் சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வண்டியில், கேட்காமலே, டேங்குக்கு அருகே கீழே ஃபில்டர் போட்டேன். முறைப்படி சரியான இடம். யாரும் குனிந்து பார்க்கவில்லை. துரு அடைத்து நடுரோட்டில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது மடிப்பு மடிப்பான காகிதம் முழுவதும் செங்கல் நிறக் குழம்பு அப்பியிருந்தது. கண்ணில் பட வேண்டும் என்று பெரியவர் சொன்னது அறிவில்லாத பேச்சு அல்ல. அவர் கவலை நியாயமானது. அதற்கு ஏற்ற இடத்தைத் தேடிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. நானோ தலையாட்டிவிட்டுக் கிளிப்பை இறுக்கினேன்.

பெரியவர் இன்னும் எங்கள் பட்டறைக்குத்தான் வருகிறார். போன வாரம் ரேடியேட்டர் ஹோஸ் மாற்ற வந்தார். எந்த ஹோஸ், எவ்வளவு நாள் உழைக்கும் என்று ஒன்றையும் கேட்கவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நீ பார்த்துச் செய், தம்பி" என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பழைய ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே போய், அவர் கேட்காமலே, அது எங்கே உப்பியிருக்கிறது என்று காட்டினேன்.